வேட்பாளரின் மூன்றாவது வரி

ஏப்ரல் 17, திங்கள்

(இந்தப் பக்கத்தில் அச்சாகியிருப்பது ஜூன் 17. போன வருஷம் எங்கள் பிரஸ்ஸில் பைண்டிங்கில் மாறிப்போன டைரி. ஏப்ரல் கிடையாது, ஜூன் இரண்டு தடவை. தப்பு பைண்டிங்கில், அச்சில் இல்லை. மறக்காமல் குறித்து வைக்கிறேன்.)

வெயில். எட்டு மணிக்கே சட்டை நனைந்துவிட்டது. அரை நாள் லீவு.

மாரி மனு தாக்கல் செய்தாள். முத்துமாரி, பட்டாசுத் தொழிலாளி, சுயேச்சை. சட்டமன்றத்துக்கு!

போனது ஆறு பேர். மாரி கட்டியிருந்தது, இருக்கன்குடி கோயிலுக்குப் போகும்போது கட்டுகிற நீலச்சேலை. ஆபீஸ் வாசலில் ஒருவர், "முத்துமாரி வீட்டுக்காரர் யாருங்க?" என்று கூப்பிட்டார். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைத் தூக்கினேன். இத்தனை வருஷமாக அவளைத்தான் 'பிரஸ் செல்வராசு சம்சாரம்' என்பார்கள். இன்று தலைகீழ். கசக்கவில்லை. உள்ளுக்குள் இனித்தது என்றே எழுதலாம், யார் பார்க்கப் போகிறார்கள்.

பெரிய கட்சிக்காரர் பதினைந்து காரில் வந்தார். பத்தாயிரம் வாலா வெடித்தார்கள். நம் பெண்கள் காதைப் பொத்தவில்லை. பேச்சியம்மாள் (மாரியோடு ஒரே அறையில் வேலை பார்ப்பவள்) சரத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, "ஏத்தா, இது நம்ம ரூம் சரம். பின்னலப் பாரு" என்றாள். அவர் வெடித்ததும் இவர்கள் பின்னியது.

வாங்க வேண்டியது: குண்டூசி, இரண்டு கோணிச் சாக்கு, மாரிக்கு செருப்பு வார்.

ஏப்ரல் 19, புதன்

கரண்ட் இல்லை, மிஷின் நின்றது. மதியம் வீட்டில்.

வே. (இனி வேட்பாளருக்கு இதுதான் சுருக்கம். 'மாரி' என்று எழுதினால் மரியாதைக் குறைவு.) அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொல்ல, நான் எழுதினேன். கொள்கை என்ற வார்த்தை அவளுக்குப் பிடிக்கவில்லை. "நான் என்ன நெனக்கிறேன்னு எழுதுங்க, போதும்."

1. தண்ணீர். குழாயில் பத்து நாளைக்கு ஒரு தடவை என்பது போக வேண்டும். கண்மாய் எல்லாம் தூர் வார வேண்டும், கருவேலமரத்தை வெட்ட வேண்டும். (பிறந்த ஊர் மல்லாங்கிணறு. அப்பாவுக்கு மானாவாரி நிலம். கண்மாய் என்றால் மட்டும் இவளுக்குக் குரல் கூடிவிடும்.)

2. பெண்பிள்ளைகளுக்குப் பன்னிரண்டாவது வரை பக்கத்திலேயே பள்ளிக்கூடம். பிள்ளைகளைத் தீப்பெட்டி வேலைக்கு எடுத்தால் வழக்கு.

3. பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கு நான்கு பேர்தான். ஐந்தாவது ஆளை உட்கார வைக்கிற கம்பெனிக்கு லைசென்ஸ் ரத்து.

4. தீக்காயத்துக்குத் தனி வார்டு இங்கேயே.

5. ஊருக்குள் ஒயின்ஷாப் கூடாது. (இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றரை வருஷம் ஆச்சு நான் விட்டு. இருந்தாலும் பார்த்தாள்.)

6. காலை ஆறு மணிக்கு பஸ். பஸ் ஸ்டாண்டில் பெண்களுக்குக் கழிப்பறை. பூட்டுப் போடாத கழிப்பறை.

ஆறுதான். பெரிய கட்சியின் அறிக்கை புத்தகமாகவே வந்திருக்கிறது. அதில் ஒரு பாரம், பதினாறு பக்கம், நான் ஓட்டினேன். தண்ணீரைக் கண்டுபிடிக்கவே பாதிப் புத்தகம் புரட்ட வேண்டும்.

மூன்றும் நாலும் லட்சுமியால் வந்தவை. மாரியின் தங்கை. இரண்டு வருஷம் முன்பு ஒரு கம்பெனியில், நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் பதினொரு பேர். மருந்து பற்றியதும் வாசலோரம் இருந்தவர்கள் ஓடிவிட்டார்கள். லட்சுமி மூலையில். மதுரைக்குக் கொண்டுபோனோம், விருதுநகர் தாண்டவில்லை.

எழுதும்போது கை நின்றுவிட்டது. வே. தலை நிமிராமல், "எழுதியாச்சா?" என்றாள். எழுதியாச்சு.

ஏப்ரல் 24, திங்கள்

சின்னம் கிடைத்தது. மெழுகுவர்த்தி.

பேச்சி சிரித்த சிரிப்பில் ஆபீஸே திரும்பிப் பார்த்தது. "மருந்து சுத்துறவ கையில மெழுகுவத்தியா! யாருக்கா இத ரோசன பண்ணுனது?"

ஒரு பத்திரிகைக்காரர் போட்டோவுக்கு, "கொளுத்திப் பிடிங்கம்மா" என்றார். வே. மாட்டேன் என்றுவிட்டாள். "மருந்து உடுப்புல இருக்கு, நகக்கண்ணுல இருக்கு. நாங்க வெளையாட்டுக்குக்கூட கொளுத்த மாட்டோம் சார்." கொளுத்தாத மெழுகுவர்த்தியோடு போட்டோ. அந்தப் படம் வந்தால் வெட்டி வைக்க வேண்டும்.

எனக்கு வேறு வருத்தம். பெரிய கட்சியின் நாலு கலர் போஸ்டர் என் மிஷினில்தான் ஓடுகிறது. அவர் முகத்துக்கு நானே சிவப்பு ஏற்றி அழகாக்கிக் கொடுக்கிறேன். என் வேட்பாளருக்கு ஒற்றைக் கலரில் நோட்டீஸ். அதற்கும் இன்னும் முதலாளியிடம் கேட்கவில்லை.

ஏப்ரல் 25, செவ்வாய்

மார்க்கெட்டில் ஓட்டுக் கேட்டோம். பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் மடக்கினார்: "பட்டாசே கூடாதுன்னு வடக்க பேசுறாக. நீ என்னம்மா சொல்ற?"

கூட்டம் நின்றது. எனக்கு வியர்த்தது. அவளுக்கு இல்லை. "பட்டாசு இல்லன்னா நாங்க எங்க போக அண்ணாச்சி? பட்டாசும் இருக்கணும். அதச் சுத்துறவளும் இருக்கணும்."

கடைக்காரர் எல்லோருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். எட்டாவதோடு நின்ற படிப்பு. இந்தப் பேச்சை எங்கே ஒளித்து வைத்திருந்தாள்? இத்தனை வருஷமாக என்னிடம், 'உப்பு போதுமா' என்றுதானே கேட்டுக்கொண்டிருந்தாள்?

ஏப்ரல் 26, புதன்

முதலாளியிடம் கேட்டேன். நல்ல மனசுதான். "தாள் ஒன் செலவு, ஓட்டுறது என் செலவு" என்றார். பிறகு ஆறையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏலே செல்வராசு, மத்ததெல்லாம் சரி. அந்த மூணாவத மட்டும் கொஞ்சம் மெதுவாப் போடு. லேபிள் ஆர்டர் எல்லாம் கம்பெனிக்காரவுககிட்ட இருந்துதான் வருது. நோட்டீசுக்குக் கீழ நம்ம பிரஸ் பேரு இருக்கும்ல?"

மிரட்டவில்லை. டீ வாங்கித் தந்துதான் சொன்னார்.

ஏப்ரல் 27, வியாழன்

இரண்டாயிரம் ஓட்டினேன். மை சீராக விழுந்தது.

மூன்றாவது வரி: 'பட்டாசுத் தொழிலாளர் நலன் காக்கப் பாடுபடுவேன்.'

அவளிடம் சொல்லவில்லை. புரூஃப் கொண்டு வரவா என்று ஒப்புக்குக் கேட்டேன். "நீங்க அடிச்சதுல என்னைக்குத் தப்பு வந்திருக்கு?" என்று சொல்லிவிட்டு மைக் செட் வாடகை பேசப் போய்விட்டாள்.

எனக்கு நானே சொல்லிக்கொள்வது: மேடையில்தான் தெளிவாகப் பேசுகிறாளே, நோட்டீஸில் ஒரு வரி மெலிந்தால் என்ன. அவள் மறுபடி கம்பெனிக்கு வேலைக்குப் போக வேண்டாமா. நான் மிஷினில் நிற்க வேண்டாமா.

ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றேன். மோர் குடித்தேன்.

ஏப்ரல் 29, சனி

கொடுத்த நோட்டீஸ்: பஸ் ஸ்டாண்ட், மார்க்கெட், இரண்டு தெரு. கட்டுக் கட்டாகப் போகிறது. வே. குரல் கட்டிவிட்டது. மிளகு, பனங்கற்கண்டு. பேச்சி என்னை 'மாப்பிள்ளை வேட்பாளர்' என்கிறாள். சும்மா இரு என்றேன், நிறுத்தவில்லை.

மே 1, திங்கள்

கம்பெனி எல்லாம் லீவு. எம். புதுப்பட்டிக்கு ஓட்டுக் கேட்கப் போனோம்.

முழுக்க எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் எனக்குச் சாதகமாக மாற்றி நினைத்துக்கொள்வேன்.

வேப்பமரத்து நிழல், நாற்பது ஐம்பது பெண்கள். பாதிப்பேர் மாரிக்கு முகம் தெரிந்தவர்கள். நான் கட்டைப் பிரித்துக் கொடுத்தேன். மஞ்சள் சேலை கட்டிய ஒரு அம்மாள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். தண்ணீருக்கு, "சரிதான்." பள்ளிக்கூடத்துக்கு, "சரிதான்." மூன்றாவதை வாசித்துவிட்டு நோட்டீஸை மடித்தார்.

"நலன் காக்கப் பாடுபடுவாளாம். இதத்தான் எல்லாப் பயலும் சொல்றான். நீயும் அம்புட்டுத்தானா?"

மாரி என் கட்டிலிருந்து ஒரு நோட்டீஸை உருவினாள். விரல் வைத்துப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கையில் மிச்சக் கட்டோடு நின்றேன். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அது கோபம் இல்லை.

கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "அது அச்சுப்பிழை ஆத்தா. நான் சொன்னது வேற."

அச்சுப்பிழை. இருபத்திரண்டு வருஷம் மிஷினில் நிற்கிறேன். ஒரு காலண்டரில் ஒரு தேதி மாறியதில்லை. ஊர் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றினாள். காப்பாற்ற அவள் எடுத்தது என் தொழிலை.

பிறகு தன் வரியைச் சொன்னாள். ரூமுக்கு நாலு பேர், அஞ்சாவது ஆளை வைத்தால் லைசென்ஸ் ரத்து.

உடனே பின்னாலிருந்து ஒரு குரல்: "நாலு பேருன்னா, மிச்சம் இருக்கிற நாங்க எங்கன போக? கஞ்சி நீ ஊத்துவியா?"

பாதிக் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. நான் பயந்தது இதற்குத்தான்.

"பன்னெண்டு பேருக்கு மூணு ரூம் கட்டச் சொல்லுவோம்த்தா. அவுககிட்ட எடமா இல்ல? கல்லா இல்ல?"

"கட்டலைன்னா?"

மாரி கொஞ்சம் யோசித்தாள். "கட்டலைன்னா, அஞ்சாவது ஆளா என்னய அனுப்புனாகன்னா நான் உள்ள போக மாட்டேன். வாசல்ல நிப்பேன். எந்தங்கச்சி மூலையில இருந்தா. வாசல்ல இருந்திருந்தா இன்னைக்கு இங்கன நின்னுருப்பா."

மஞ்சள் சேலை அம்மாள் மடித்த நோட்டீஸைப் பிரித்து, மாரியிடம் பேனா கேட்டு, மூன்றாவது வரியை அடித்துவிட்டு, '4 பேர்' என்று எழுதினார்.

திரும்பும்போது பஸ்ஸில் வே. முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் பின்னால்.

மே 2, செவ்வாய்

காலையில் இட்லியை வைத்துவிட்டுக் கேட்டாள். "மொதலாளி சொன்னாரா, நீங்களா மாத்துனீகளா?"

"ரெண்டும்தான்."

"அவரு சொன்னது அவரு பொழப்பு. நீங்க எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்." சட்னி ஊற்றினாள். "ஊரு முன்னாடி பிழைன்னு சொல்லிட்டேன். பொய்யாப் போகக்கூடாது. பிழையத் திருத்திக் குடுங்க."

அவ்வளவுதான். அழவில்லை, கத்தவில்லை. நான்தான் மிஷின் ரூமில் டிரம்முக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்தினேன். மை நெடி என்று சொல்லிக்கொண்டேன்.

மே 3, புதன்

காலண்டரில் விடுமுறை மாறி அச்சானால் பிரஸ்காரன் என்ன செய்வான்? முழுவதையும் எரிக்க மாட்டான். சின்னச் சீட்டு அடித்து மேலே ஒட்டுவான். மற்றவன் மிஷினில் ஓடியதற்கு நான் எத்தனையோ சீட்டு அடித்திருக்கிறேன். எனக்கு நானே அடிப்பது இதுதான் முதல் தடவை.

முதலாளியிடம் நேராகச் சொன்னேன். "மூணாவத அவ சொன்னபடியே அடிக்கப் போறேன். சீட்டு. வேண்டாம்னா வேற பிரஸ்ல அடிச்சுக்கிறேன்."

அவர் பில் புத்தகத்தைத் திறந்தார், மூடினார். "ஊரெல்லாம் சுத்தி வேற எவன்ட்டயோ அடிச்சு அதுல நூறு தப்பு வரவா? இங்கனயே அடிச்சுத் தொலை. பேரு போடாம விட்ராத, சட்டப்படி போடணும்." அப்புறம்: "நாளைலேர்ந்து கட்டிங் மிஷினுக்குப் போ. கொஞ்ச நாளைக்கு."

நாலு கலரிலிருந்து கட்டிங்குக்கு! சரி. போகிறேன்.

மதியம் வே. தானே பிரஸ்ஸுக்கு வந்தாள். முதல் தடவை. "புரூஃப் காட்டுங்க." ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு வரிதான், இருந்தும் எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் படித்தாள்:

'திருத்தம். 3. பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கு நான்கு பேர்தான். ஐந்தாவது ஆளை வைத்தால் உரிமம் ரத்து. அதுவரை ஐந்தாவது ஆள் உள்ளே போகக்கூடாது.'

ஓரத்தில் கையெழுத்துப் போட்டாள். வலிக்கத்தான் செய்தது. நான் சம்பாதித்ததுதானே.

மே 4, வியாழன்

மிச்ச நோட்டீஸ் ஆயிரத்துக்கு மேல். எப்படி ஒட்டி முடிப்பது என்று மலைத்தேன். வேலை விட்டு வேன் இறங்கியதும் பேச்சியும் இன்னும் ஐந்து பேரும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நாளெல்லாம் டப்பாவுக்கு லேபிள் ஒட்டிய கைகள்.

மைதாப் பசை, பூச்சி அரிக்காமல் இருக்கத் துளி மயில்துத்தம். சீட்டை விசிறி மாதிரி பரப்பி, ஒரே இழுப்பில் எல்லாவற்றுக்கும் பசை. இடது கையில் நோட்டீஸ், வலது கட்டைவிரலில் சீட்டு, ஒரு அழுத்து, அடுத்தது. பார்க்காமல் ஒட்டுகிறார்கள், பேச்சு மாமியாரைப் பற்றி. ஒன்றுகூடக் கோணவில்லை. நான் ஒட்டியது மூன்று, மூன்றும் கோணல். "மாப்பிள்ள வேட்பாளரே, நீங்க டீ போடுங்க" என்று எழுப்பிவிட்டார்கள். போட்டேன்.

பொழுது சாயும் முன் முடிந்தது. ஒன்றை நகத்தால் பெயர்த்துப் பார்த்தேன். தாள் கிழிகிறது, சீட்டு வரவில்லை. அச்சைப் பற்றித்தான் இதுவரை பெருமைப்பட்டிருக்கிறேன். பசையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

பேச்சி மிச்சச் சீட்டில் ஒரு பிடியை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். எதற்கு என்று கேட்டதற்கு, "இருக்கட்டும்" என்றாள்.

மே 6, சனி

பிரசாரம் முடிந்தது.

வேடிக்கை ஒன்று. நோட்டீஸ் வாங்குகிறவர்கள் தண்ணீரையும் பஸ்ஸையும் விட்டுவிட்டு நேராக மூன்றாவதுக்குத்தான் போகிறார்கள். சீட்டு ஒட்டியிருந்தால் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றும் அல்லவா? சுரண்டுகிறார்கள், வெளிச்சத்தில் பிடிக்கிறார்கள். டீக்கடையில் ஒருவர்: "கீழ என்னமோ பெரிசா எளுதி மறைச்சிருக்காகப்பா." மறைத்தது ஒன்றுமில்லாத வரி ஐயா என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். ஊரே படித்துவிட்டது, அது போதும்.

கட்டிங் மிஷினில் விரல் பத்திரம். மூன்றாவது நாள்.

மே 8, திங்கள்

ஓட்டுப் போட்டோம். பட்டியலில் கடைசிக்கு முந்தின பெயர். மெழுகுவர்த்திக்குப் பக்கத்துப் பட்டனை அழுத்தினேன், பீப் சத்தம்.

வெளியே வந்ததும், "யாருக்குப் போட்டீக?" என்றாள்.

"ரகசியம்" என்றேன். மே 1-க்கு அப்புறம் இன்றுதான் என்னிடம் சிரித்தாள்.

மே 11, வியாழன்

எண்ணினார்கள். டெபாசிட் போச்சு. வாங்கிய ஓட்டு நான் அடித்த நோட்டீஸைவிடக் குறைவு.

எம். புதுப்பட்டி பூத்தில் மட்டும் இரண்டாம் இடம். பெரிய கட்சி ஒன்றுக்கு மேலே! ஏஜென்ட் தாளில் குறித்துக் கொடுத்ததை மடித்து இந்த டைரியின் இரண்டாவது ஜூனில் வைத்திருக்கிறேன்.

வெளியே சரவெடி. வே. நின்று பார்த்தாள். "இதுவும் நம்ம பின்னல்தான்" என்றாள். வருத்தம் உண்டா என்று கேட்டேன். "வருத்தம் இல்லாம இருக்குமா? மனுசிதான?" என்றாள். வரும் வழியில் இருவரும் கரும்புச்சாறு குடித்தோம். இவளோடு சேர்ந்து தோற்றதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஜெயித்தவர் வீட்டுக்காரியிடம்கூட இந்த நடை இருக்காது.

மே 12, வெள்ளி

ஆறு மணி வேனில் வேலைக்குப் போய்விட்டாள். தூக்குச்சட்டியில் லெமன் சாதம். எதுவும் நடக்காத மாதிரி. சேர்ப்பார்களா என்று எனக்குப் பதைப்பு. சீசன் நேரம், ஆள் வேண்டும், சேர்த்துக்கொண்டார்கள்.

என்னையும் நாலு கலருக்குத் திருப்பிவிட்டார் முதலாளி. நான் இல்லாமல் சிவப்பு தூக்கலாக ஓடி ஒரு லேபிள் ஆர்டர் திரும்பி வந்துவிட்டதாம். எனக்குச் சந்தோஷம் இல்லை என்று சொன்னால் பொய்.

மே 13, சனி

சாயங்காலம் வேன் வந்ததும் பேச்சி வீட்டுக்குப் போகாமல் எங்கள் வாசலுக்கு வந்தாள். மூச்சு வாங்கச் சொன்னாள்.

காலையில் போர்மேன் அவர்கள் அறைக்கு ஐந்தாவதாக ஒரு பெண்ணை அனுப்பியிருக்கிறார். உள்ளே மாரி, பேச்சி, இன்னும் இரண்டு பேர். வந்த பெண் வாசலிலேயே நின்றுவிட்டாள். கதவில் சீட்டு ஒட்டியிருக்கிறது. பேச்சி நேற்றே ஒட்டியது. என் அச்சு.

"போர்மேனு நகத்த வச்சு சுரண்டுறாரு, சுரண்டுறாரு, வரவே இல்ல! 'எவ ஒட்டுனது'ன்னாரு. நாங்க நாலு பேரும் எந்திரிச்சு வெளிய வந்து அந்தப் பிள்ளகூட வெயில்ல நின்னுட்டோம். பக்கத்து ரூம்லயும் எந்திரிச்சுட்டாளுக. ஆர்டர் நிக்குதுல்ல? காமணி நேரம்தான். 'சரி சரி, உள்ள போங்க'ன்னு அவளக் காலி ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு."

இன்றைக்கு மட்டும்தான். திங்கட்கிழமை என்ன ஆகுமோ, தெரியாது. மாரியும் அதையேதான் சொன்னாள், காலைக் கழுவிக்கொண்டே.

மற்ற அறைக்காரர்கள் சீட்டுக் கேட்கிறார்களாம். சீட்டு அடித்த பிளேட்டை அழிக்கவில்லை, கெடாமல் இருக்கக் கோந்து பூசி வைத்திருக்கிறேன் என்றேன்.

"அது வேண்டாம். நான்தான் இப்ப வேட்பாளர் இல்லையே. திருத்தம், மூணுங்கிற நம்பர் எல்லாத்தையும் எடுத்துருங்க. ரூமுக்கு நாலு பேர்ங்கிற அந்த ஒரு வரி மட்டும். கதவுல ஒட்டுனா ரூம் மூலையில இருந்து வாசிக்கிற மாதிரி, பெரிசா."

அளவு எடுத்துக்கொண்டேன். திங்கள் காலையில் புரூஃப் போட்டு மதியம் கொண்டு வந்து காட்டுகிறேன் என்றேன்.

"புரூஃப் எதுக்கு? அடிச்சிருங்க" என்றாள்.